இடக்கைப் பின்னல்

சிகுசா இறந்தது பிப்ரவரி மாதத்தில், பள்ளிக்கூடம் போகும் வழியில். தோஃபு கடைத் திருப்பத்தில் பனி அள்ளும் வண்டி பின்னோக்கி வந்தபோது அதன் அடியில் சிக்கிக்கொண்டாள். ஒன்பது வயது. அந்த வருஷம் சாலையின் இரண்டு பக்கமும் பனியைக் குவித்துக் குவித்து ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழும்பியிருந்தது. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை வெளியே வந்தால் ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது. அன்று வண்டியை ஓட்டியவன் யோஷிரோ, சிகுசா அம்மாவின் தோழி மசுமியின் கணவன்.

நான் அப்போது பள்ளிக்கூடத்தை ஒட்டிய பிள்ளைகள் காப்பகத்தில் வேலை பார்த்தேன். வகுப்பு முடிந்த பிறகு, பெற்றோர் வேலையிலிருந்து வந்து அழைத்துப் போகும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். கியோமி டீச்சர் என்று கூப்பிடுவார்கள். பாடம் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனாலும் டீச்சர்தான். சிகுசா என்னிடம் மூன்று வருஷம் இருந்தாள். யோஷிரோவின் மகள் வகனாவும் இருந்தாள். இருவரும் ஒரே வகுப்பு.

இரண்டு பேரின் அம்மாக்களும் ஆப்பிள் கிட்டங்கியில் ஒரே வரிசையில் நின்று பழம் தரம் பிரித்தவர்கள். சிகுசாவின் அம்மா ஹருயோ வாயாடி, சிரிப்புக்காரி. மசுமி அவளுக்கு நேர்மாறு. நவம்பர் வந்தால் எங்கள் காப்பகத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் அம்மாக்கள் கூடி உட்கார்ந்து கொக்கி ஊசியால் கம்பளி நூலில் குரோஷா பின்னுவது வழக்கம். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கையால் செய்த பரிசு ஒன்று வரவேண்டும். மசுமிக்குக் குரோஷா சொல்லிக்கொடுத்ததே ஹருயோதான். மசுமிக்கு இடக்கைப் பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் புரியவில்லை என்று ஹருயோ அவளுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்து, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துப் பின்னு என்று சொல்லிச் சொல்லி ஒரு குளிர்காலம் முழுக்கப் பழக்கினாள். பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்த கதை அது.

விபத்துக்குப் பிறகு மசுமி கிட்டங்கி வேலையை விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. அவள் வந்து நின்றால் பக்கத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பழத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்து ஊர் வெந்நீர் ஊற்று விடுதியில் பாத்திரம் கழுவப் போனாள். யோஷிரோவுக்குக் கோர்ட்டில் மூன்று வருஷம் சிறை என்று சொல்லி, அதை ஐந்து வருஷத்துக்கு நிறுத்திவைத்தார்கள்; அதுவரை வேறு தப்பு செய்யாவிட்டால் சிறை இல்லை. அவன் வீட்டுக்கு வந்துவிட்டான். வண்டிச் சாவியைத் தொடவில்லை.

ஏப்ரலில் ஹருயோவின் இரண்டாவது மகள் சயோ ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவளும் என் காப்பகத்துக்கு வந்தாள். வகனா அங்கேதான் இருந்தாள். மற்ற அம்மாக்கள் சிலர் தனித்தனியாக என்னிடம் வந்து, வகனாவை வேறு எங்காவது சேர்க்கச் சொல்லக்கூடாதா என்று கேட்டார்கள். நான் ஹருயோவையே கேட்டேன். குழந்தை என்ன செய்தது, இருக்கட்டும், பக்கத்தில் மட்டும் உட்கார வைக்காதீர்கள் என்றாள். அப்படியே செய்தேன். வகனாவை ஜன்னல் பக்கம், சயோவைக் கதவுப் பக்கம்.

டிசம்பரில் முதல் பெரிய பனி விழுந்தது. விடிவதற்கு முன்பே யோஷிரோ பனி தள்ளும் கைப் பலகையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கியிருக்கிறான். தன் வீட்டு வாசலிலிருந்து தொடங்கி, பிள்ளைகள் நடந்து போகும் ஓரத்தை மட்டும் கையாலேயே தள்ளிக்கொண்டு தோஃபு கடைத் திருப்பம் வரை வந்துவிட்டான். திருப்பத்தைத் தாண்டினால் ஹருயோவின் வீடு. அவள் கணவன் எய்ஜி வெளியே வந்து நின்றான்.

"எங்க வாசல் பனிய நீ தொடாத" என்றான்.

யோஷிரோ தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பிப் போனான். அதன் பிறகு அவன் வெளியே வரவேயில்லை. கூரைமேல் சேர்ந்த பனியைத் தள்ளக்கூட மசுமிதான் ஏணி போட்டு ஏறினாள். பார்த்துக்கொண்டு போனவர்கள் உண்டு. உதவிக்கு யாரும் நிற்கவில்லை. நானும் நின்றதில்லை.

கிறிஸ்துமஸ் கூட்டத்தை அந்த வருஷம் வேண்டாம் என்றே நினைத்தேன். தலைமை ஆசிரியர்தான், நின்றுபோனால் ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்பார்கள், எப்போதும் போல நடக்கட்டும் என்றார். நோட்டீஸ் அனுப்பினேன். அனுப்பிய இரண்டாவது நாள் மசுமி காப்பகத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். முன்வாசல் பக்கம் மற்ற அம்மாக்கள் வருவார்கள் என்று அவள் எப்போதும் அந்த வழியாகத்தான் வருவாள்.

"டீச்சர், நாங்களும் செய்யணுமா?"

"எல்லார் வீட்லயும் செய்யறாங்க. நீயும் செய்."

"என் கையால செஞ்சது யார் வீட்டுக்குப் போனாலும்…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"பேரு எதுவும் எழுத மாட்டேன். எல்லாத்துக்கும் ஒரே காகிதம்தான். மேல நம்பர் மட்டும் இருக்கும்."

"அப்ப அது ஏமாத்துற மாதிரி இல்லையா?"

பொம்மை என்றால் பொம்மை, பிள்ளைகளுக்கு யார் செய்தது என்பதெல்லாம் எதற்கு என்று சொன்னேன். வகனா மட்டும் வெறுங்கையோடு வந்தால் நன்றாகவா இருக்கும் என்றும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு அவள் தலையாட்டினாள். போகும்போது, பனி மனுஷன் பொம்மை மட்டும் செய்ய மாட்டேன் டீச்சர் என்றாள்.

சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மசுமி வரவில்லை. ஹருயோவும் வரவில்லை, வீட்டிலேயே துணியில் கையுறை தைத்துக் கொடுத்தனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். மற்றவர்கள் வந்தார்கள். முடிதிருத்தும் கடைக்காரரின் மனைவி கிகுயே பின்னிய பனி மனுஷனைப் பார்த்து ஒருத்தி, "முள்ளங்கிக்குத் தொப்பி போட்டா மாதிரி இருக்கு" என்றாள். "உன் மானுக்குக் கொம்ப எங்க காணோம்? மாமியாருக்குக் குடுத்துட்டியா?" என்று கிகுயே திருப்பிக் கேட்டாள். சிரித்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்போது யாரோ, இந்த வருஷம் எத்தனை பரிசு சேரும் என்று கேட்டார்கள். இருபத்து மூன்று பிள்ளைகள், இருபத்து மூன்று பரிசு என்றேன். கிகுயே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப அவளும் செய்யறாளா?"

நான் ஆமாம் என்றேன்.

"யாருக்குப் போவுதோ. பாவம்" என்றாள். யாரைப் பாவம் என்றாள் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு பின்னினார்கள்.

மசுமி ஒரு பெங்குயின் குட்டி செய்தாள். விடுதியில் மத்தியானப் பாத்திரம் முடிந்து ராத்திரிப் பாத்திரம் வரும்வரை இரண்டு மணி நேரம் ஓய்வு. சலவை அறையில் உட்கார்ந்து பின்னியிருக்கிறாள். தலையில் ஆறு கண்ணி வைத்துத் தொடங்கி, பன்னிரண்டு, பதினெட்டு என்று சுற்றிச் சுற்றி இறங்க வேண்டும். ஒரு கண்ணி தப்பினாலும் முகம் கோணும். எத்தனையோ முறை பிரித்துப் பிரித்துப் பின்னினேன் டீச்சர் என்றாள். பாத்திரம் கழுவும் சோடாவில் அவள் விரல்களெல்லாம் வெடித்திருந்தன. கம்பளி நூல் வெடிப்பில் மாட்டி இழுக்கும். ஆனால் பொம்மை அத்தனை அழகாக வந்திருந்தது. சாம்பல் நிற உடம்பு, வெள்ளை வயிறு, கழுத்தில் மஞ்சள் மஃப்ளர், கண்ணுக்கு இரண்டு கறுப்புப் பொத்தான். உள்ளே பஞ்சை நன்றாக அடைத்திருந்தாள். கையில் வாங்கினால் ஒரு குழந்தையின் குதிகால் மாதிரி இருந்தது. நானே காகிதத்தில் சுற்றி, மேலே பதினேழு என்று எழுதினேன்.

கூட்டத்தன்று கேக் வெட்டினோம். ஸ்ட்ராபெரி யாருக்கு இரண்டு வந்தது என்று வழக்கமான சண்டை நடந்தது. பிறகு டப்பாவில் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுத்தார்கள். சயோ எடுத்த சீட்டைப் பிரித்து என்னிடம் காட்டினாள். அவளுக்கு அப்போதுதான் எண்கள் பழகியிருந்தன. "ஒண்ணு, ஏழு" என்றாள்.

எனக்கு அப்போது ஒரு நொடி அவகாசம் இருந்தது. சீட்டைக் கையில் வாங்கி, இது பதினொன்று என்று சொல்லி வேறு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆறு வயதுக் குழந்தை நம்பியிருக்கும். நான் பதினேழை எடுத்துக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இது இப்படித்தான் நடக்க வேண்டும் என்று இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கையால் நடக்கிறது என்றும் நினைத்தேன். அந்த நினைப்பைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சயோ காகிதத்தைக் கிழிக்காமல், ஒட்டிய இடத்தை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். பெங்குயினைப் பார்த்தாள். மற்றப் பிள்ளைகள் போல எல்லோரிடமும் காட்டவில்லை. ஸ்வெட்டருக்கு உள்ளே போட்டு, கழுத்து வழியாகத் தலை மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கமிருந்து வகனா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா விடுதியிலேயே செய்து முடித்துவிட்டதால் அவள் அந்தப் பொம்மையைப் பார்த்ததே இல்லை. நல்லா இருக்கு இல்ல என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்.

புது வருஷ விடுமுறை முடிந்து காப்பகம் திறந்த முதல் நாள், செருப்பு அலமாரி அருகே சயோ வகனாவை நிறுத்தி ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டுவதைப் பார்த்தேன். அதுவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. பைக்குள் சுருள் சுருளாகச் சாம்பல் நூல், வெள்ளை நூல், பஞ்சு, ஒரே ஒரு பொத்தான்.

"உங்கம்மாகிட்ட குடு. திரும்பப் பண்ணித் தரச் சொல்லு" என்றாள் சயோ.

"எங்கம்மா பண்ணினதா அது?"

"எங்கம்மா சொன்னா. பண்ணினவங்களுக்கு இடது கையாம். கத்திரிக்கோலே வேணாம், நுனியப் புடிச்சு இழுத்தா போதும்னு சொல்லிட்டு இழுத்தா. குப்பையில போட்டா. நான் எடுத்து வெச்சுட்டேன்."

வகனா என்னைப் பார்த்தாள். வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. நான் குறுக்கே போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். போகவில்லை. வகனா பையை வாங்கித் தன் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் மசுமி பின்வாசலில் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. எனக்குத் தெரியாது டீச்சர், அந்தக் குழந்தைக்குப் போனது தெரியவே தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அன்றைக்கே தெரியும் என்று நான் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும், கேட்காமல் திரும்பப் பின்னுவதும் தப்பு, ஒளித்து வைத்துக்கொள்வதும் தப்பு, தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனோம். எய்ஜி தோட்டத்தில் ஆப்பிள் மரங்களைக் கழிக்கப் போயிருந்தான். கதவைத் திறந்த ஹருயோ எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. மசுமி செருப்பு விடும் இடத்திலேயே சிமெண்டுத் தரையில் மண்டிபோட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"எந்திரி. கீழ சில்லுனு இருக்கு" என்றாள் ஹருயோ. குரலில் கோபமே இல்லை. அவள் பத்து வயது கூடிப்போனவள் போல இருந்தாள்.

மசுமி பையைப் படிமேல் வைத்து, சயோ கொடுத்தனுப்பியதைச் சொன்னாள். ஹருயோ பையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"அந்த நம்பர எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அவ எடுத்தப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். பிறகு மசுமி பக்கம் திரும்பினாள்.

"பிப்ரவரிலேர்ந்து அந்தக் குழந்தை ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல. எந்திரிச்சு உக்காந்து அக்கா படுக்கையையே பாத்துக்கிட்டு இருக்கும். உன் பொம்மை வந்த அன்னிக்குத் தூங்கினா. மறுநாளும் தூங்கினா. நாலு நாள். நான் புத்தர் மாடத்துல விளக்கேத்தி, இதச் செஞ்ச கை யாரோட கையோ அது நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அஞ்சாம் நாள் மஃப்ளர்ல ஆரஞ்சுச் சாறு கொட்டிட்டாளேன்னு தொவைக்க எடுத்துப் பாக்கறேன், சுத்தெல்லாம் எதிர்ப்பக்கமாப் போவுது. இந்த ஊர்ல அப்படிப் பின்றது ஒருத்திதான். நான்தான சொல்லிக்குடுத்தேன்."

மசுமி வெடித்த விரல்களை மடக்கி மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"உனக்காக வேண்டிக்கிட்டேன் மசுமி. நாலு நாளு. அத எப்படித் திருப்பி எடுக்கறது, நீ சொல்லு."

உள் அறைக் கதவு விலகி சயோ எட்டிப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை, கேட்கவும் இல்லை. நின்றாள். ஹருயோ பையைக் கையில் எடுத்தாள்.

"உள்ள வா" என்றாள் மசுமியிடம். "இங்க உக்காந்து பண்ணு. என் கண்ணு முன்னால. உன் வீட்ல வெச்சுச் செஞ்சது எனக்கு வேணாம்."

அடியில் கணப்பு வைத்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. புத்தர் மாடத்தில் சிகுசாவின் போட்டோ, பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் எடுத்தது, நெற்றியில் சிவப்பு நாடா. முன்னால் ஒரு ஆப்பிளும் ஊதுவத்திச் சாம்பலும். மசுமி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்தாள். திருப்பினால் எழுந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் ஊசி கொண்டுவரவில்லை. ஹருயோ தன் தகர டப்பாவைக் கொண்டுவந்தாள். ஒரு வருஷமாகத் திறக்காத டப்பா, மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கி ஒரு ஊசியை எடுத்து வைத்துவிட்டு உடனே மூடினாள். பிரித்த நூல் நெளிநெளியாகக் கிடந்தது. அப்படியே பின்னினால் கண்ணி சீராக விழாது. ஹருயோ மண்ணெண்ணெய்க் கணப்பின் மேல் இருந்த கெட்டிலை நடுவுக்கு நகர்த்தினாள். ஆவி வந்ததும் நூலை இரண்டு கையிலும் அகலப் பிடித்து ஆவியில் காட்டினாள். நூல் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. நிமிர்ந்த நூலை சயோ உருண்டையாகச் சுற்றினாள். மசுமி ஆறு கண்ணி போட்டாள்.

அப்படி ஐந்து மணி நேரம். நான் எதற்கும் உபயோகமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை மசுமி கையை நிறுத்திவிட்டு, தலை நிமிராமலேயே, "சிகுசாவுக்கு நான்…" என்று தொடங்கினாள்.

"அவ பேரச் சொல்லாத" என்றாள் ஹருயோ.

மசுமி திரும்பப் பின்னத் தொடங்கினாள். வயிற்றுப் பக்கத்து வெள்ளை நூல் பாதி வந்தபோது விரல் வெடிப்பு விட்டு ரத்தம் நூலில் பட்டுவிட்டது. கறையைப் பார்த்ததும் அவள் ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டாள். ஹருயோ கத்திரிக்கோலை எடுத்து, கறைபட்ட ஒரு சாண் நூலை வெட்டி எறிந்தாள். "முடிச்சுப் போட்டுட்டு மேல போ" என்றாள். பிளாஸ்டர் ஒன்றையும் மேஜைமேல் வைத்தாள். மசுமியின் விரலை அவள் தொடவில்லை.

ஒரு கண் தொலைந்துபோயிருந்தது. சயோ பொத்தான் ஜாடியைக் கவிழ்த்துத் தேடி ஒரு கறுப்புப் பொத்தானை எடுத்தாள். மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது. இதுதான் வேண்டும் என்றாள்.

இருட்டும் நேரத்தில் எய்ஜி வந்தான். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்திருப்பான். அறைக் கதவைத் திறந்து, மேஜையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தான். மசுமி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழப்போனாள். அவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனான். பனிப் பலகை தரையில் உரசும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அன்று மத்தியானத்துக்கு மேல் பனியே விழவில்லை. இருந்தும் நாங்கள் கிளம்பும்வரை அந்தச் சத்தம் நிற்கவில்லை.

பெங்குயின் முடிந்தது. முன்னைவிடக் கொஞ்சம் ஒல்லியாக, ஒரு கண் பெரிதாக இருந்தது. சயோ அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். நன்றி அத்தை என்று, பெரியவர்களிடம் சொல்லப் பழக்கிய மாதிரி குனிந்து சொன்னாள். ஹருயோ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசல்வரை அவள் வந்தாள். மசுமி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பேசினாள்.

"இனிமே இங்க வராத. ரோட்ல பாத்தாலும் நான் பேச மாட்டேன். கோபம்னு நெனைக்காத. என்னால முடியல."

"சரி" என்றாள் மசுமி.

"நீங்களும்தான் டீச்சர்" என்றாள் என்னைப் பார்த்து.

வழி நெடுக மசுமி அழவில்லை. அவள் வீட்டுத் திருப்பத்தில், அந்தக் குழந்தை தூங்குமா டீச்சர் என்று மட்டும் கேட்டாள். தூங்குவாள் என்றேன். எனக்கு எப்படித் தெரியும். சொன்னேன்.

மார்ச் கடைசியில் மசுமி குடும்பத்தார் ஊரைக் காலி செய்தார்கள். தெற்கே, பனி விழாத ஒரு ஊரில் யோஷிரோவின் சித்தப்பா மகன் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பிடித்துக் கொடுத்திருந்தான். வழியனுப்ப நான் ஒருத்திதான் போயிருந்தேன். யோஷிரோ பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து, இவ்வளவு நாள் வகனாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்றான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவன் குரலை அன்றுதான் கேட்டேன். தொண்டை கட்டியவன் குரல் போல இருந்தது.

அடுத்த வருஷம் முதல் கிறிஸ்துமஸுக்குக் கேக் மட்டும் வெட்டினோம். பரிசு வேண்டாம் என்று நானே நிறுத்தினேன். ஏன் நின்றது என்று பிள்ளைகள் கேட்டார்கள்தான். ஹருயோ தினமும் சயோவை அழைத்துப் போக வந்தாள். கதவருகே நின்று, என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்து லேசாகக் குனிவாள், போய்விடுவாள்.

அவர்கள் போன மறு வருஷம் வசந்தகாலத்தில் மசுமியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் யோஷிரோ வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினானாம். தொழிற்சாலைக்குப் போகவில்லை. வீட்டுக்கும் வரவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், வகனா பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாள் என்று எழுதியிருந்தாள். வேறு எதுவும் எழுதவில்லை. நான் அதை யாரிடமும் காட்டவில்லை. ஆனால் சித்தப்பா வீட்டு வழியாக ஊருக்குள் செய்தி வந்துவிட்டது.

அந்த வருஷம் அக்டோபரில், ஆப்பிள் பறிக்கும் நேரம், ஹருயோ வழக்கம்போல வந்தாள். சயோ உள்ளே புத்தகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹருயோ போகாமல் கதவருகே நின்றாள். கையில் கிட்டங்கிக் கையுறையைக் கழற்றாமலேயே வந்திருந்தாள்.

"யோஷிரோ கெடைச்சாரா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்ல."

"வகனா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காளாம். ஆறாவது படிக்கறா."

"ஆமா" என்றாள் ஹருயோ. "ஆறாவதுதான்."

சயோ செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். வெளியே லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. ஹருயோ மகளின் மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.